தரகும் தர்மமும்

கால்பந்தைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று உடனே ஒப்புக்கொண்டேன். பள்ளிக்கூட நாளில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டதற்கு மேல் அந்த விளையாட்டோடு எனக்கு உறவு கிடையாது. ஆனால் நான் எழுத வந்தது பந்தைப் பற்றி அல்லவே! பந்தை உதைக்கிற பிள்ளையை விலை பேசுகிறவரைப் பற்றி. மனிதனை மனிதன் விலை பேசுகிற விஷயத்தில் கதை எழுதுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்றால், பிறகு வேறு எதில்தான் திறப்பது?

விஷயம் இதுதான். நாவல் ஒன்றை முடிப்பதற்காகக் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டில் இறங்கியபோது, தலை சுற்றலோடு கையில் ஒரு பத்திரிகையும் இருந்தது. அதில் நம் இளைஞர்களுக்கு ஒரு புதிய உத்தியோகத்தைச் சிபாரிசு செய்திருந்தார்கள்: கால்பந்து ஏஜெண்டு. பந்தைத் தொடாமலே கோடீஸ்வரர் ஆகலாம். வேண்டியது சாமர்த்தியமான நாக்கும் ஓயாத டெலிபோனும்தான் என்ற தோரணையில் கட்டுரை. ஹார்லெம் நகரில் குடும்பத்தின் உணவு விடுதியில் வேலை பார்த்த மினோ ரயோலா எப்படி உலகத்தின் பெரிய தரகர் ஆனார், வீடியோ கடை வைத்திருந்த போர்த்துக்கல்காரர் ஜோர்ஜ் மென்டிஸ் எப்படிக் கிறிஸ்டியானோ ரொனால்டோவை 2003-ல் மான்செஸ்டருக்கும் 2009-ல் மாட்ரிட்டுக்கும் 2018-ல் ட்யூரினுக்கும் கொண்டு போய்ச் சேர்த்தார் என்று பக்தி சிரத்தையோடு எழுதியிருந்தார்கள். நாயன்மார் சரித்திரம் படிப்பது போல இருந்தது.

மறுநாள் காலை, தேநீர்க் கடையில் அந்தப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். மிளகு எடுக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளில் சரம் பழுத்துக்கொண்டிருந்தது. பறித்த வீடுகளில் வாசலெல்லாம் மிளகு காய்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மலைவாசி விவசாயி என் பத்திரிகையில் இருந்த பந்தாட்டக்காரனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“ஐயா, இதுல இந்தப் பந்து வெளையாட்டுக்கு ஆள் எடுக்கறதப் பத்திப் போட்டிருக்குதுங்களா?”

அவர் மகனுக்கு வயது 16. கீழே, விடுதியில் தங்கிப் படிக்கிறான். மாவட்ட அளவில் நன்றாக ஆடுகிறானாம். ஒருவர் வந்தாராம், காரில் வந்தாராம். பையனை வெளிநாட்டுச் சங்கம் ஒன்றில் ‘டிரையலுக்கு’ அனுப்புகிறேன், ஆறே மாதத்தில் ஒப்பந்தம், பிறகு உங்கள் குடும்பமே மலையை விட்டு இறங்கிவிடலாம் என்றாராம். செலவு 3 லட்சம். முன்பணம் 50 ஆயிரம். அந்த 50 ஆயிரத்துக்காக, கொடியில் இருக்கிற மிளகை வியாபாரியிடம் முன்கூட்டியே விலை பேசப் போகிறார் இவர். கொடியில் இருக்கும்போதே விற்ற மிளகு என்ன விலைக்குப் போகும் என்பது மலையில் குழந்தைக்கும் தெரியும்.

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம். தங்க நிறத்தில் ஒரு பந்தின் படம். சங்கத்தின் பெயர் இல்லை. லைசென்ஸ் எண் இல்லை. பையனின் வயதுக்கு என்று விட்ட இடத்தில் ஒரு கோடு மட்டும். பணத்துக்கான தேதி மாத்திரம் தெளிவாக இருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிபாவின் விதிப்படி 18 வயது நிறையாத பிள்ளையை ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துச் சங்கத்துக்கு மாற்ற முடியாது. விலக்குகள் சில உண்டு. பெற்றோர் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்தத் தேசத்தில் குடியேறியிருக்க வேண்டும். அல்லது ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே 16 வயதுக்கு மேற்பட்டவன் மாற வேண்டும். அல்லது எல்லை ஓரத்து வீடாக இருக்க வேண்டும். கொல்லிமலைப் பையனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அது போகட்டும், ஏஜெண்டு என்பவரின் கூலி, வீரன் சம்பாதித்த பிறகு அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு. அவன் கால் மைதானத்தில் படுவதற்கு முன்பே தகப்பனின் மடியில் கை வைப்பதற்குக் கூலி என்று பெயர் இல்லை. லைசென்ஸ் பெற்றவர்களின் பட்டியலை ஃபிபா எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதில் இந்த மனிதரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தேநீரைக் குடித்தேன். அவர் காகிதத்தை மடித்தார். திரும்ப மடியில் வைத்தார். பிறகு கேட்டார்:

“சரிங்க ஐயா. இவரு வேண்டாம். அப்ப நல்லவரா ஒருத்தரு பேரு சொல்லுங்க. யாராச்சும் வந்து பாத்தாத்தானே எம்பையன் ஆடறது வெளியில தெரியும்? இந்த மலைக்கு யாருங்க வர்றாங்க?”

எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

இந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏஜெண்டுகள் எல்லோரும் அட்டைகள், ரத்தம் உறிஞ்சுகிறவர்கள் என்று ஒரு கட்சி. அவர்கள்தான் இந்த யுகத்தின் மேதைகள் என்று அந்தப் பத்திரிகை போல இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்க்காதவர்கள்.

முதல் கட்சிக்காரருக்கு முதலில் பதில். தரகர் இல்லாத காலம் பொற்காலம் என்று நினைக்கிறீர்களா? இங்கிலாந்தில் அந்தப் பொற்காலம் இருந்தது. 1961 வரையில் அங்கே ஒரு பந்தாட்டக்காரனுக்கு வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு. ஆயிரக்கணக்கான ஜனங்கள் காசு கொடுத்து உள்ளே வந்தார்கள். ஆட்டக்காரன் கூலிக்காரனாக வீடு திரும்பினான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் சங்கம் அவனை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் நியூகாசில் சங்கத்தின் மீது வழக்குப் போட்டு, 1963-ல்தான் அந்த முறை நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்னது. பெல்ஜியத்தில் ஜான் மார்க் போஸ்மன் என்பவர் 1990-ல் ஒப்பந்தம் முடிந்து வேறு சங்கத்துக்குப் போக விரும்பினார். பழைய சங்கம் விலை கேட்டது. ஐந்து வருஷம் கோர்ட்டுப் படியேறி, 1995 டிசம்பர் 15-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். தீர்ப்பு வந்தபோது அவருடைய ஆட்டக்காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள். அவர் வறுமையைப் பார்த்தார்.

நம் தேசத்திலும் அப்படித்தான். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் சங்கத்தின் ‘பஞ்ச பாண்டவர்கள்’ என்று 1949 முதல் 1953 வரை கொடிகட்டிப் பறந்த ஐவர் - அப்பா ராவ், தன்ராஜ், வெங்கடேஷ், சாலே, அகமத் கான் - தென்னாட்டிலிருந்து போனவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தவர் சங்கத்தின் செயலாளர் ஜோதிஷ் குகா. அவருடைய கண் கூர்மையானது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சங்கத்தின் ஆள். பிற்காலத்தில் கல்கத்தா மைதானத்தில் கட்சி மாறும் பருவம் வந்தால் ஆட்டக்காரர்களை ரகசியமாக அழைத்துப் போய் ஒளித்து வைத்துக் கையெழுத்து வாங்குவது சகஜமாக இருந்தது. வங்காளிகள் அதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒளித்து வைக்கப்பட்ட ஆட்டக்காரனுக்குப் பக்கத்தில், “தம்பி, இந்தக் காகிதத்தில் இப்படிப் போட்டிருக்கிறது, யோசித்துக் கையெழுத்துப் போடு” என்று சொல்ல அவனுடைய ஆள் ஒருவன் இருந்தானா?

ஆகவே ஆட்டக்காரனுக்கு ஓர் ஆள் வேண்டும். இருபது வயதுப் பையன் மேஜையின் ஒரு பக்கம். வக்கீலும் கணக்கரும் முதலாளியும் மறு பக்கம். இது சமமான ஆட்டம் அல்ல. ஏஜெண்டு என்கிற உத்தியோகத்தின் தர்மம் இங்கேதான் பிறக்கிறது: பேசத் தெரியாதவனுக்காகப் பேசுவது.

இனி இரண்டாம் கட்சிக்காரர், அதாவது என்னுடைய பத்திரிகைக்காரர். ஐயா, நீங்கள் புகழ்ந்து எழுதிய ரயோலா யாருக்காகப் பேசினார்?

பால் போக்பாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் பக்கத்தில் ருவாஸி, தோர்ஸி என்ற சின்ன ஊர்ச் சங்கங்களில் ஆடிப் பழகி, லஹாவ்ர் சங்கத்தில் பயிற்சி பெற்று, 2009-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த பையன். 2012-ல் அற்பத் தொகைக்கு அவனை இத்தாலியின் யுவென்டஸுக்கு விட்டுவிட்டு, 2016-ல் அதே மான்செஸ்டர் 10 கோடியே 50 லட்சம் யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கியது. அன்றைக்கு உலகத்தில் அதற்கு மேல் விலை போன ஆட்டக்காரன் இல்லை. இந்த விற்பனையில் ரயோலாவுக்குக் கிடைத்தது என்ன? ‘டெர் ஸ்பீகல்’ பத்திரிகையின் நிருபர்கள் இருவர், கசிந்த ஆவணங்களை வைத்து 2017-ல் வெளியிட்ட புத்தகம் கணக்குச் சொல்கிறது: விற்ற யுவென்டஸிடமிருந்து 2 கோடியே 70 லட்சம், வாங்கிய மான்செஸ்டரிடமிருந்து தவணைகளாக 1 கோடியே 94 லட்சம், போக்பாவிடமிருந்து 26 லட்சம். மொத்தம் 4 கோடியே 90 லட்சம் யூரோ.

விற்கிறவனும் வாங்குகிறவனும் விற்கப்படுகிறவனும் ஆக மூன்று பேருக்கும் ஒரே ஆள் பேசியிருக்கிறார்! விலை ஏறினால் ஒருவருக்கு லாபம், இறங்கினால் இன்னொருவருக்கு லாபம். இருவருக்கும் ஒரே ஆள் எப்படி உண்மையாக இருக்க முடியும்? சம்மதம் எழுதி வாங்கியிருந்தால் அன்றைய விதி இதைத் தடுக்கவும் இல்லை. 2015-ல் ஃபிபா பழைய லைசென்ஸ் முறையையே எடுத்து எறிந்துவிட்டு, இடையில் நிற்கிறவர் என்று பெயர் பதிந்துகொண்டால் போதும் என்று வாசலைத் திறந்து வைத்திருந்தது. சட்டம் தடுக்கவில்லை என்பதற்காகத் தர்மமும் ஒப்புக்கொண்டது என்று அர்த்தம் ஆகிவிடுமா?

அந்தியூர் மாட்டுச் சந்தையில் தரகரைப் பார்த்திருப்பீர்கள். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவர்தான். ஆனால் இரண்டு பக்கத்துக்காரனுக்கும் அது தெரியும். எவ்வளவு என்பதும் சந்தை வழக்கத்தில் தெரியும். முக்கியமாக, அவர் மாட்டினிடமும் காசு வாங்குவதில்லை! ஐரோப்பாவின் துண்டு ரொம்பப் பெரிய துண்டு. அதற்குள்ளே எத்தனை விரல் என்று எண்ணிப் பார்க்கவே கசிந்த ஆவணங்கள் வேண்டியிருக்கின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தப் பத்திரிகையில் அச்சேறாத கணக்கு. ஓர் ஆட்டக்காரன் ஒப்பந்தத்துக்கு நடுவில் தேசம் விட்டுத் தேசம் விலை போகும்போது, அந்த விலையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயது வரையில் அவனை வளர்த்த சங்கங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று ஃபிபா விதி இருக்கிறது. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் கால் சதவீதம். 16 முதல் 23 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை சதவீதம். போக்பாவின் விலைக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். வளர்த்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து உச்சமாக 52 லட்சத்து 50 ஆயிரம் யூரோ. ஒரு வருஷம் மழையிலும் பனியிலும் அந்தப் பிள்ளைக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்த சின்ன ஊர்ச் சங்கத்துக்கு 2 லட்சத்து 62 ஆயிரத்து 500. டெலிபோனில் பேசியவருக்கு 4 கோடியே 90 லட்சம். விதைத்தவன், நீர் பாய்ச்சியவன், காவல் காத்தவன் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பங்கு. சந்தையில் துண்டு போட்டவருக்கு ஒன்பது பங்குக்கும் மேல்!

இது ரயோலா ஒருவரின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. அவர் 2022-ல் காலமாகிவிட்டார். தம் ஆட்டக்காரர்களுக்காகப் பெரிய சங்கங்களோடு மல்லுக்கு நின்றவர் என்று அவர்களே சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. குற்றம் அவருக்குக் கொடுத்தவர்களுடையது. சங்கங்கள்தாம் கொடுத்தன. 2023 ஒரே வருஷத்தில், தேசம் விட்டுத் தேசம் மாறிய ஆட்டக்காரர்களுக்காகச் சங்கங்கள் ஏஜெண்டுகளுக்குக் கொடுத்த தொகை 88 கோடியே 81 லட்சம் டாலர் என்று ஃபிபாவே கணக்கு வெளியிட்டது. ஏஜெண்டுகள் கொள்ளை அடிக்கிறார்கள் என்று சங்கத்துக்காரர்கள் மேடையில் அழுவார்கள். கீழே இறங்கியதும் அதே ஏஜெண்டின் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். கொடுத்தவனுக்கு ஏதோ லாபம் இல்லாமலா கொடுத்தான்?

ஃபிபா விழித்துக்கொண்டு புது விதி செய்யாமல் இல்லை. ஏஜெண்டாக விரும்புகிறவர்களுக்கு 2023 ஏப்ரலில் பரீட்சை வைத்தது. 20 கேள்வி, ஒரு மணி நேரம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அப்படியும் பாதிக்குச் சற்று மேலானவர்கள்தாம் தேறினார்கள். கமிஷனுக்கு உச்சவரம்பும் விதித்தது: ஆட்டக்காரனின் வருஷச் சம்பளத்தில் 2 லட்சம் டாலர் வரையில் 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம், விற்கிற சங்கத்தின் ஆளுக்கு விலையில் 10 சதவீதம். மூன்று பக்கமும் ஒரே ஆள் பேசக் கூடாது. ஆட்டக்காரனுக்கும் வாங்குகிற சங்கத்துக்கும் மட்டும், இருவர் சம்மதத்தோடு பேசலாம். நல்ல விதிகள்தாம். ஏஜெண்டுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜெர்மனியில் டார்ட்மண்ட் நீதிமன்றம் தடை போட்டது; இங்கிலாந்தில் நடுவர் மன்றம் உச்சவரம்பு போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2023 டிசம்பர் 30-ந் தேதி ஃபிபா அந்த விதிகளில் முக்கியமானவற்றை உலகம் முழுவதும் நிறுத்தி வைத்தது. அக்டோபர் 1-ல் முழு அமலுக்கு வந்த விதி, மூன்றே மாதத்தில் படுத்துக்கொண்டது.

கமிஷனுக்கு வரம்பு கட்டுவது வியாபாரச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று வாதாடிய வக்கீல்களை எனக்குப் புரிகிறது. அவர்களுக்கும் கூலி கிடைத்திருக்கும். புரியாதது ஒன்றுதான்: துண்டை எடுத்துவிட்டு விலை பேசுங்கள் என்று கேட்டால் எந்தச் சுதந்திரத்துக்கு விரோதம்? யாரிடம் எவ்வளவு வாங்கினேன் என்று ஆட்டக்காரனின் தாயும் தகப்பனும் பார்க்கும்படி எழுதி வைக்க ஏன் கூசுகிறது? வரம்பு எத்தனை சதவீதம் என்று கோர்ட்டுகள் சண்டை போடட்டும். வெளிச்சத்துக்கு வர மறுப்பவர் தம்மைப் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதுதான் என் கட்சி.

கொல்லிமலை வல்வில் ஓரியின் மலை. ஆடியில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். காரி, சேரனுக்காக ஓரியைக் கொன்று இந்த மலையைச் சேரனிடம் கொடுத்தான் என்று சங்கப் பாட்டுக்கள் சொல்கின்றன. மலையே ஒரு காலத்தில் கை மாறியது. மலையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அதே சங்க காலத்தில்தான் ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகையும் இருந்தது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே வாடி வருகிற இன்னொரு பாணனைப் பார்த்து, இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் தங்கு, அவன் இன்ன குணத்தவன் என்று வழி சொல்லி அனுப்புவான். தெரிந்தவன் தெரியாதவனுக்கு வழி காட்டுகிற காரியத்தை நம் புலவர்கள் இலக்கியமாகவே செய்து வைத்தார்கள். ஏஜெண்டு வேலையின் மூலக் கரு அதுதான். பாணன் சதவீதம் கேட்கவில்லை என்று சொல்லி இன்றைய மனிதனைப் பட்டினி போடச் சொல்லவில்லை. கூலி வாங்கட்டும், வழியைச் சரியாகச் சொல்லட்டும்.

அந்த மலைத் தகப்பனுக்கு வழி சொல்ல இன்று யார் இருக்கிறார்கள்? பெரிய ஏஜெண்டின் கண்ணுக்கு, விலை போகத் தயாராகிவிட்ட பையன்தான் தெரிவான். 16 வயதில் கொல்லிமலையில் வெறுங்காலோடு ஓடுகிறவன் தெரிய மாட்டான். அந்த இடைவெளியில்தான் தங்கப் பந்து அச்சடித்த காகிதத்தோடு கார் ஏறி வருகிறார்கள். பெரியவர்களின் புகழைப் பாடுகிற பத்திரிகைகளே இந்தச் சின்னவர்களுக்கு விளம்பரமும் செய்துகொடுக்கின்றன. உலகத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம் உண்டு என்று தகப்பனை நம்ப வைப்பது அந்தப் புகழ்தானே?

அதிர்ஷ்டம் எவ்வளவு நிலையானது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட ஒரே கோலில் கல்கத்தாவைக் குலுக்கியதை நாம் கொண்டாடினோம். இரண்டே வருஷத்தில், 2025 ஜூலையில், ஒப்பந்தத் தகராறில் இந்தியன் சூப்பர் லீக் போட்டியையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். சில சங்கங்கள் சம்பளத்தையும் நிறுத்தின. உச்சிக் கொம்பில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், மிளகை அடகு வைத்து ஏறப் பார்க்கிறவனின் கதி என்ன?

ஒவ்வொரு மாவட்டத்திலும், பையனையும் பெற்றோரையும் உட்கார வைத்து ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல, காசு வாங்காத ஓர் ஆளைக் கால்பந்துச் சங்கங்கள் நியமிக்கட்டும். மலைப் பள்ளிக்கூடங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆட்டம் பார்க்கத் தெரிந்த ஒருவர் வரட்டும். வளர்த்தவர்களின் பங்கு எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் தெரிவிக்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. இது நடக்காத வரையில், ஏஜெண்டு தொழில் அமோகமான தொழில் என்று எழுதுகிறவர்கள், எந்த ஏஜெண்டு என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

மலையை விட்டு இறங்குகிற அன்று அவரைச் சோளக்காட்டுச் சந்தையில் மறுபடி பார்த்தேன்.

“மிளகை முன்கூட்டி விக்கலிங்க,” என்றார். “காஞ்சப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

“பையன்?” என்று கேட்டேன்.

“ஆடறானுங்க,” என்றார்.

நல்லவராக ஒருத்தர் பெயரை நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.